பதினைந்து நிமிட இடைவெளி

கட்டிலுக்கு நேர் மேலே கேமரா; கீழே தூங்கும் ஓர் ஆள். ஒரு பெரிய தாளில் சின்னச் சின்னப் படங்கள் வரிசை வரிசையாக அச்சாகியிருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே கட்டில், அதே தலையணை, அதே ஆள். புத்தகம் படிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரி வரியாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு வந்தால் தாளின் அடியில் விடிந்துவிடும். மல்லாந்து படுத்தவர் ஒருக்களிக்கிறார், முழங்கால் மடங்குகிறது, போர்வை நழுவுகிறது. நடுவே மூன்று படங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிறகு உடல் மொத்தமும் புரண்டு வேறொரு வடிவம் கொள்கிறது. தூங்கியவருக்கு இதில் ஒன்றுகூட நினைவிருக்காது.

அமெரிக்கக் கலைஞர் டெட் ஸ்பான்யா 1975இல் தொடங்கி ஆண்டுக்கணக்காக இப்படிப்பட்ட தாள்களை உருவாக்கினார். தனியாகத் தூங்குபவர்கள், தம்பதிகள், குழந்தைகள், பெற்றோரோடு படுத்திருக்கும் பிள்ளைகள் எனப் பலருடைய இரவுகள் அவர் கேமராவில் பதிவாயின. 1989இல் அவர் மறைந்தார். 2013இல் ரிசோலி பதிப்பகம் அந்தப் படங்களை ‘ஸ்லீப்’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டது.

தூங்குபவரைப் படமெடுத்த கலைஞர்கள் அவருக்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. அவர்களை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் விஷயம் ஒன்றிருக்கிறது. இந்தக் கலையில் கலைஞர் எடுக்கும் முடிவுகளிலேயே பெரியது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது என்பதுதான். உடலின் நிலையைத் தூங்குபவர் பார்த்துக்கொள்கிறார். அதில் கலைஞருக்குச் சொல்ல ஏதுமில்லை. கலைஞர் கையில் இருப்பது இடைவெளி மட்டும். அந்த இடைவெளியைப் பொறுத்தே தூக்கம் ஆய்வாகவோ, கதையாகவோ, காதலாகவோ உருக்கொள்கிறது.

பார்க்க வேண்டியவரும் தூங்கிவிடுகிறார்

கண்ணுக்கு எட்டாத வேகத்தைப் பிடிக்கத்தான் தொடர்படங்கள் முதலில் வந்தன. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையின் பாதையில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, அதன் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவதைக் காட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து பிரான்சில் எத்தியென் ஜூல் மாரே நொடிக்கு 12 படம் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவைச் செய்தார். பறவையின் சிறகடிப்பைப் பிடிப்பது அவர் நோக்கம்.

எதிர்த்திசையிலும் ஒரு தேடல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக நடப்பதை எப்படிப் பார்ப்பது? 1898 முதல் 1900 வரை ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் செடிகளின் அசைவுகளை நேரம் விட்டு நேரம் படமெடுத்து, வேகமாக ஓட்டிக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட செடிகளில் இரண்டு நமக்குத் தெரிந்தவை: தொட்டாற்சிணுங்கி, தொழுகண்ணி. இரவில் இலைகள் மடங்குவதைத் தாவரங்களின் தூக்கம் என்றே அந்தக் கால அறிவியல் குறிப்பிட்டது. 1880இல் வெளியான சார்லஸ் டார்வினின் நூல் அதற்கு நிறையப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறது. மாலையில் இலை மடக்கும் மரத்துக்குத் தூங்குமூஞ்சி மரம் என்று நாம் பெயர் வைத்திருப்பதும் அதே கவனிப்பிலிருந்துதான். ஆக, நேரம் விட்டு எடுக்கும் படங்கள் மனிதனின் தூக்கத்துக்கு வரும் முன்பே செடியின் தூக்கத்தைப் பார்த்துவிட்டன.

மனிதத் தூக்கம் இந்த இரண்டிலும் சேராது. ஒருவர் புரண்டு படுப்பது குதிரைப் பாய்ச்சல்போல வேகமானதில்லை, இலை மடிவதுபோல மெதுவானதும் இல்லை. வெறும் கண்ணால் எளிதாகக் காணக்கூடிய அசைவு அது. அப்படியும் மனிதகுலம் அதைக் காணாமலே இருந்ததற்குக் காரணம், பார்க்க வேண்டியவரும் அதே நேரத்தில் தூங்கிவிடுகிறார் என்பதுதான். நோயாளியின் அருகே கண்விழித்திருக்கும் தாயும் காவல் இருக்கும் செவிலியும் கொஞ்சம் பார்த்திருப்பார்கள். அவர்களும் அசைவு வரும் கணத்தைத்தான் கண்டிருப்பார்கள். முழு இரவின் வடிவத்தைக் கண்டிருக்க வழியில்லை. இங்கே கேமரா கண்ணின் குறையைத் தீர்க்கவில்லை. விழித்திருக்கும் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்கிறது.

ஓவியர்கள் தூங்குபவரை நூற்றாண்டுகளாகத் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் மேற்கின் புகழ்பெற்ற தூங்கும் வீனஸ்களும் சிறுமிகளும் பெரும்பாலும் தூங்குவதுபோல நடித்த உருவங்கள். கை எங்கே விழ வேண்டும், முகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது ஓவியரின் தீர்மானம். தனிப் படத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அசையாத முகம், மூடிய கண், தளர்ந்த கை என்று ஒரே ஒரு படத்தைப் பார்த்தால், தூங்குபவரையும் இறந்தவரையும் பிரித்தறிய முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறந்தவர்களைத் தூங்குவதுபோலக் கிடத்திப் படமெடுக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தது. சாவை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் வைத்துப் பார்த்த வள்ளுவரின் ஒப்புமை நமக்குப் பழக்கம். அந்த ஒப்புமையைத் தனிப் படம் உறுதிசெய்கிறது. பக்கத்தில் இரண்டாவது படம் வந்து, அதில் முழங்கை சற்று நகர்ந்திருந்தால், உயிர் திரும்பிவிடுகிறது. தூங்குபவரின் உண்மையான உருவப்படத்துக்குக் குறைந்தது இரண்டு படங்கள் தேவை.

மெத்தையில் தொடங்கிய ஆய்வு

நன்றாகத் தூங்குபவர்கள் அசையவே மாட்டார்கள் என்ற எண்ணம் ஒருகாலத்தில் வலுவாக இருந்தது. ‘கட்டை மாதிரி தூங்கினேன்’ என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த நம்பிக்கையைப் படங்களால் அசைத்தவர்களில் முக்கியமானவர் பிட்ஸ்பர்க் நகரின் மெலன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த உளவியலாளர் எச். எம். ஜான்சன். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது சிம்மன்ஸ் என்ற மெத்தை நிறுவனம். கட்டிலோடு பொருத்திய பதிவுக் கருவிகளையும் கேமராவையும் கொண்டு 1920களின் பிற்பகுதியில் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 1930இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தன. உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் இரவில் சுமார் 20 முதல் 45 தடவை உடல்நிலையை மாற்றிப் படுக்கிறார் என்று அவரது குழு சொன்னது. புரள்வது நோயின் அறிகுறி இல்லை, நல்ல தூக்கத்தின் இயல்பு.

உடல் ஏன் புரள்கிறது என்பதற்கு எளிய விடை ஒன்று மருத்துவமனை வார்டில் இருக்கிறது. தானாகத் திரும்ப முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர் திருப்பிப் படுக்கவைப்பது நெடுநாள் வழக்கம். இல்லாவிட்டால் எலும்பு அழுந்தும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை செத்து, படுக்கைப் புண் வந்துவிடும். பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பராமரித்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரக் கணக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். ஸ்பான்யாவின் தாள்களைப் பார்க்கையில் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: வேறொருவர் கண்விழித்துச் செய்ய வேண்டிய அந்தப் பணிவிடையை உடல் தனக்குத் தானே, யாருக்கும் தெரியாமல், இரவு முழுவதும் செய்துகொள்கிறது.

கலைஞர் பெயர் வந்த அறிவியல் கட்டுரை

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் தூக்கத்தில் கண்மணிகள் விரைந்து ஓடும் கட்டங்கள் இருப்பதை அறிவித்தார்கள். அதற்கு ரெம் தூக்கம் என்று பெயர் வந்தது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. தூக்கம் ஒரே ஆழத்தில் கிடப்பதில்லை, சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக இறங்கி ஏறுகிறது, இரவில் நான்கைந்து சுற்றுகள் வருகின்றன என்பதெல்லாம் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயின. ரெம் கட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது: கழுத்துக்குக் கீழே தசைகள் தளர்ந்து, உடல் ஏறக்குறைய முடங்கிவிடுகிறது. கனவில் ஓடுபவர் கட்டிலில் ஓடாமல் இருப்பது அதனால்தான்.

இவை எல்லாவற்றையும் அறிய ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது. தலையில் மின்முனைகள், கண்ணருகே மின்முனைகள், தாடையில் மின்முனைகள், பக்கத்து அறையில் இரவெல்லாம் கோடு கிறுக்கும் எந்திரம். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் மனநல மருத்துவரும் தூக்க ஆய்வாளருமான ஆலன் ஹாப்சன் அப்படிப்பட்ட சூழலில் வேலை செய்தவர். அவரிடம் ஸ்பான்யா தன் படத் தாள்களைக் காட்டினார். மின்முனை ஒன்றுகூட ஒட்டாத அந்தப் படங்களில் தூக்கத்தின் சுற்று தெரிவதாக ஹாப்சன் உணர்ந்தார். ஹாப்சன், ஸ்பான்யா, ராபர்ட் மலென்கா மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1978இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. தூங்குபவரின் பெரிய உடல் திருப்பங்கள் தூக்கத்தின் கட்டங்கள் மாறும் வேளைகளை ஒட்டி வருகின்றன. நீண்ட அசைவின்மையும் சுற்றோடு தொடர்புடையது என்பதே அதன் சாரம். உலகின் முன்னணி அறிவியல் இதழ் ஒன்றில் ஒரு கலைஞரின் பெயர் ஆசிரியர்களுள் ஒன்றாக நின்றது.

இதில் இடைவெளியின் பங்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்பான்யாவின் தாள்களில்போல ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 90 நிமிடச் சுற்றுக்கு ஆறு படம் கிடைக்கும். ஒருவர் அரை மணி நேரம் அசையாமல் கிடந்தால் அடுத்தடுத்து இரண்டு படமாவது ஒன்றுபோல இருக்கும். ஆகவே தாளில் ‘எதுவும் நடக்கவில்லை’ என்று நாம் தாண்டிப்போகும் அந்த ஒரேமாதிரிப் படங்கள்தாம் செய்தி. ஆழ்ந்த தூக்கம் அங்கே இருக்கக்கூடும். அடுத்து உடல் புரண்ட படம் வந்தால், இரவு ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாறியிருக்கக்கூடும். இடைவெளியை ஒரு மணி நேரமாக்கினால் இந்தச் சுற்று முழுவதும் நழுவிவிடும். நொடிக்கொரு படம் என்று ஆக்கினாலோ ஆயிரக்கணக்கான படங்களின் குவியலில் வடிவம் புதைந்துவிடும். யாரும் அதை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. கால் மணி நேரம் என்பது, ஒரு முழு இரவு ஒரே தாளில் அடங்கவும் அதன் ஏற்ற இறக்கம் தெரியவும் போதுமான அளவு. சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளில் 36 படம் வரும். கால் மணிக்கு ஒன்று வீதம் எடுத்தால் அது ஒன்பது மணி நேரம். ஓர் இரவும் ஒரு சுருளும் சமம்.

ஒரு சந்தேகம் வரலாம். இரண்டு படங்கள் ஒன்றுபோல இருப்பதாலேயே நடுவில் அசைவு இல்லை என்று எப்படிச் சொல்வது? புரண்டுபோய்த் திரும்ப வந்திருக்கலாமே? இதற்குப் பதில் துணியில் இருக்கிறது. உடல் பழைய நிலைக்குத் திரும்பலாம், போர்வையின் மடிப்பு திரும்பாது. விரிப்பின் சுருக்கங்கள் அப்படியே இருந்தால் மட்டுமே அவர் அசையவில்லை என்று நம்பலாம். அதனால்தான் இந்தப் படங்களில் துணி வெறும் பின்னணியாக நிற்பதில்லை. விரல் தொடாமல் உடல் எழுதும் எழுத்தாக அது ஆகிவிடுகிறது.

தம்பதிகளின் தாள்களில் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. ஒருவர் திரும்பிய அதே கால் மணியில் மற்றவரும் திரும்பியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். முதுகோடு முதுகாக இருந்தவர்கள் ஒரே பக்கம் பார்த்துப் படுக்கிறார்கள், பின்னர் விலகுகிறார்கள், மறுபடி நெருங்குகிறார்கள். மெத்தையின் அதிர்வு, உடலின் சூடு, இழுபடும் போர்வை என்று எளிய காரணங்கள் இதற்கு உண்டு. காரணம் தெரிந்த பிறகும் அந்த ஒத்திசைவின் அழகு குறைவதில்லை.

வயதும் தாளில் எழுதப்பட்டிருக்கும். கனடாவின் ஜோசப் டி கோனிங்கும் உடன் பணியாற்றியவர்களும் வெவ்வேறு வயதினரை ஐந்து பிரிவுகளாக ஒப்பிட்டு 1992இல் வெளியிட்ட ஆய்வு, வயது ஏற ஏற நிலைமாற்றங்கள் குறைவதைக் காட்டியது. பாயின் ஒரு மூலையில் படுக்கவைத்த குழந்தை விடியும்போது எதிர்மூலையில் கால்மாடு தலைமாடாகக் கிடப்பதும், அதே வீட்டில் பாட்டி படுத்த வாக்கிலேயே எழுவதும் நாம் பார்த்ததுதான்.

கூடத்தில் ஓர் இரவு

1977இல் ஹார்வர்டின் கார்ப்பென்டர் காட்சிக் கலை மையத்தில் ‘டிரீம்ஸ்டேஜ்’ என்ற கண்காட்சி நடந்தது. ஹாப்சன், ஸ்பான்யா, இசையமைப்பாளர் பால் ஏர்ல்ஸ் ஆகியோரின் கூட்டு முயற்சி அது. இருண்ட கூடத்தில் கண்ணாடிக்கு அப்பால் உண்மையாகவே ஒருவர் தூங்கினார். அவருடைய மூளை அலைகளும் கண் அசைவும் தசை அசைவும் லேசர் கோடுகளாகச் சுவரில் ஓடின, சிந்தசைசர் இசையாகவும் ஒலித்தன. ஸ்பான்யாவின் தூக்கப் படங்களும் காட்டப்பட்டன.

இன்று உடல்சார் தரவுகளை ஒளியாகவும் ஒலியாகவும் மாற்றும் கலை உலகெங்கும் நடக்கிறது. அதில் பல கருவியின் திறமையைக் காட்டுவதோடு நின்றுவிடுவது என் குறை. ‘டிரீம்ஸ்டேஜ்’ அதைத் தாண்டியதற்குக் காரணம், ஒரே இரவை அது பல கால அளவுகளில் வைத்ததுதான். மூளை அலை நொடிக்குள் துடிப்பது. படத் தாள் இரவு முழுவதையும் காட்டுவது. நடுவே கண்ணெதிரில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஆள். பார்வையாளர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். தூக்கம் என்பது ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை என்பதை அவர் உடம்பால் உணர்ந்திருப்பார்.

மூன்று இரவுகள், மூன்று கணக்குகள்

இடைவெளி மாறினால் பொருள் மாறும் என்றேன். மூன்று படைப்புகளை அருகருகே வைத்தால் அது விளங்கும்.

முதலாவது ஆண்டி வார்ஹோலின் ‘ஸ்லீப்’. கவிஞர் ஜான் ஜியோர்னோ தூங்குவதை 1963இல் 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தார். படம் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். 1964 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் காட்சிக்கு ஒன்பது பேர் வந்ததாகவும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் இருவர் எழுந்து போய்விட்டதாகவும் சொல்வார்கள். ஓர் இரவை வெட்டாமல் காட்டிய படம் என்றே பலர் இதை நினைக்கிறார்கள். அது சரியில்லை. சில நிமிடமே ஓடும் சிறு சுருள்களில் வெவ்வேறு நேரம் எடுத்த காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஒட்டிச் செய்த படம் அது. எடுத்ததைவிட மெதுவான வேகத்தில் ஓட்டப்படுகிறது. அதாவது வார்ஹோல் காட்டுவது நடந்த இரவை இல்லை, கட்டி எழுப்பிய ஓர் இரவை. அங்கே இடைவெளியே தெரியாது. வயிறு ஏறி இறங்குவது, மறுபடி ஏறி இறங்குவது. மாற்றம் என்ற ஒன்றையே அவர் எடுத்துவிட்டார். பார்வையாளரின் பொறுமைதான் அந்தப் படத்தின் பொருள். தூக்கம் அதற்கு ஒரு சாக்கு.

இரண்டாவது, பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி காலின் ‘தூங்குபவர்கள்’. 1979 ஏப்ரலில் தன் படுக்கையில் வந்து தூங்கும்படி நண்பர்களையும் முன்பின் தெரியாதவர்களையும் அழைத்தார். ஒருவர் எட்டு மணி நேரம்; அவர் எழுந்ததும் அடுத்தவர்; படுக்கை காலியாகவே கூடாது. இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அவர்களிடம் பேசி, குறிப்பெடுத்து, மணிக்கொரு தடவை படமெடுத்தார். ஒரு மணி நேர இடைவெளியில் தூக்கத்தின் சுற்று தெரியாது என்றோம். சோஃபி காலுக்கு அது தேவையும் இல்லை. அவருடைய இடைவெளி காவல்காரர் சுற்றி வரும் இடைவெளி. விருந்தாளி சௌகரியமாக இருக்கிறாரா என்று எட்டிப்பார்க்கும் வீட்டுக்காரியின் இடைவெளி. அதனால் உடல் பின்னுக்குப் போய், யார் வந்தார், ஏன் ஒப்புக்கொண்டார், என்ன சொன்னார் என்ற கதை முன்னுக்கு வருகிறது. படமும் எழுத்தும் சேர்ந்தே அந்தப் படைப்பு நிற்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, வியன்னாவில் வாழும் பவுல் ஷ்னெகென்பர்கர் 2010 முதல் எடுத்த ‘காதலர்களின் உறக்கம்’ என்ற தொடர். தம்பதிகள் அவருடைய ஸ்டூடியோவில் வந்து தூங்குவார்கள். மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 மணிவரை கேமராவின் கண் திறந்தே இருக்கும். ஆறு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே படம். இங்கே இடைவெளி பூஜ்யமாகி, இரவு முழுவதும் ஒரே தளத்தில் படிந்துவிடுகிறது. இதன் கணக்கு எளிமையானது. ஒரு கை அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் இருந்தால், அந்த இடத்துக்கு அந்தக் கையிலிருந்து ஆறில் ஒரு பங்கு ஒளியே கிடைக்கும், புகைபோலப் படியும். மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்த தோள் திடமாகத் தெரியும். சட்டென்று நடந்த புரளல் தடமே இல்லாமல் மறைந்துவிடும். ஆகவே அந்தப் படத்தில் தெரியும் அடர்த்தி, அசைவின்மையின் அடர்த்தி. பல கைகளும் இரண்டு மூன்று முகங்களுமாக இருவர் ஒருவருக்குள் ஒருவர் கரைந்திருப்பதுபோலத் தோன்றும். யார் எப்போது விலகினார் என்ற கணக்குக்கு அங்கே இடமில்லை. ஸ்பான்யாவின் தாளில் அது இருக்கிறது.

செய்து பார்ப்பவருக்கு

இன்று இந்தக் கலைக்கான கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. குறித்த நேரத்துக்கு ஒரு படம் எடுக்கும் வசதி கைபேசியிலேயே இருக்கிறது. கடினம் வெளிச்சத்தில்தான். படத்துக்கு ஒளி வேண்டும். ஒளி தூக்கத்தைக் கெடுக்கும். இரவு வெளிச்சம் மூளையில் மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஷ்னெகென்பர்கர் மெழுகுவத்தியை நம்பியது அழகுக்காக மட்டும் இருக்க முடியாது. இப்போது அகச்சிவப்பு ஒளி உதவுகிறது. 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு விளக்குகள் மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. உள்ளே இருக்கும் வடிகட்டியை நீக்கிய கேமரா அதைப் பார்க்கும். 850 நானோமீட்டர் விளக்கானால் மங்கிய சிவப்புப் புள்ளியாகக் கண்ணில் படும். கேமராவின் சத்தத்தையும் அணைத்துவிட வேண்டும். ‘கிளிக்’ ஒலிக்கு உடல் பதில் சொன்னால், நாம் எடுப்பது தூக்கத்தின் படமாக இருக்காது, நம் குறுக்கீட்டின் படமாக இருக்கும்.

காலையில் கையில் இருக்கும் முப்பத்துச் சொச்சம் படங்களைக் கொண்டு என்ன செய்யலாம்? தாளாக அடுக்கலாம்: அப்போது அது வாசிப்பு. ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிச் சராசரி எடுக்கலாம்: ஷ்னெகென்பர்கரின் மெழுகுவத்திப் படத்துக்கு நெருங்கிய உறவான மங்கல் உருவம் கிடைக்கும். வேகமாக ஓட்டலாம்: இது எல்லோரும் செய்வது, என் கணிப்பில் மிகப் பலவீனமானது. ஓட்டும்போது புரளல் மட்டுமே கண்ணில் படுகிறது. அசையாமல் கிடந்த நீண்ட நேரம் நொடியில் கடந்துபோய், தூங்குபவர் கேலிப் பொம்மைபோல ஆகிவிடுகிறார். நான்காவது வழி, ஒவ்வொரு படத்திலும் உடலின் வெளிக்கோட்டை மட்டும் மெல்லிய தாளில் நகலெடுத்து ஒரே பரப்பில் சேர்ப்பது. தங்கிய இடங்களில் கோடுகள் தடித்து, கடந்த இடங்களில் தனித்து நிற்கும். முகம் இல்லை, ஆள் அடையாளம் இல்லை. இரவின் கோலம் மட்டும் மிஞ்சும். உறங்குபவரின் மானத்தைக் காத்துக்கொண்டே இரவின் வடிவத்தைச் சொல்லும் இந்த வழியை நான் முன்னே வைப்பேன்.

தூங்கு என்ற சொல்

தமிழில் இந்த விஷயத்தை யோசிப்பவருக்கு மொழியே ஒரு துணை செய்கிறது. ‘தூங்கு’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் தொங்குதல், ஊசலாடுதல், மெல்ல அசைதல். வஞ்சிப்பாவின் ஓசைக்குத் தூங்கலோசை என்று பெயர். அசைந்து அசைந்து நடக்கும் யானைக்குத் தூங்கல் என்று நிகண்டுகள் பெயர் தருகின்றன. தொங்கும் தூளியில் குழந்தையைக் கிடத்தும் வீட்டில் இந்த இரண்டு பொருளும் ஒரே சேலையில் ஆடுகின்றன. உறக்கத்தைக் குறிக்க நாம் அன்றாடம் எடுத்தாளும் சொல்லுக்குள் அசைவு இருக்கிறது. கட்டைபோலக் கிடப்பதை இச்சொல் சொல்லவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, தங்கி, மறுபக்கம் சாயும் நிதானமான அசைவைச் சொல்கிறது. தங்குவதும் திரும்புவதுமாகப் போகும் ஸ்பான்யாவின் தாளை விவரிக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன்.

முதலில் பார்க்க வேண்டியவர்

தூங்குபவர் தன்னைப் பாதுகாக்க முடியாதவர். வாய் பிளந்திருக்கும், ஆடை விலகியிருக்கும், முகம் தன் காவலை இழந்திருக்கும். விழித்திருக்கும்போது படமெடுக்க ஒப்புக்கொண்டவர், தூங்கும்போது தன்னிடம் எது வெளிப்படும் என்று அறிந்து ஒப்புக்கொண்டவர் ஆக மாட்டார். அதனால் இந்தக் கலையில் சம்மதம் இரண்டு தடவை பெறப்பட வேண்டும்: படுக்கும் முன் ஒருமுறை, காலையில் படங்களைப் பார்த்த பின் ஒருமுறை. எந்தப் படத்தையும் எடுத்துவிடச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். ரயில் நிலைய மேடையிலும் கடை வாசலிலும் அசந்து தூங்கும் உழைப்பாளிகளைச் சொல்லாமல் படமெடுத்து, வறுமையின் கவிதை என்று கண்காட்சியில் மாட்டுவது நம் ஊரிலும் நடக்கிறது. கூரை இல்லாததால் பொதுவெளியில் தூங்க நேர்ந்தவர் தன் தூக்கத்தைப் பொதுச்சொத்தாக எழுதிக் கொடுத்துவிடவில்லை. குழந்தையின் தொட்டில்மேல் கேமரா வைக்கும் பெற்றோரும் இதை யோசிக்கலாம். பாதுகாப்புக்காகப் பார்ப்பது வேறு. ஊருக்குக் காட்டுவது வேறு.

இங்கே ஸ்பான்யாவின் தொடக்கத்தைத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். பிறர் படுக்கையறைக்குள் கேமராவைக் கொண்டுபோவதற்கு முன் அவர் தன் கட்டிலுக்கு மேலேதான் அதை மாட்டினார். முதலில் படமானது அவருடைய தூக்கம். தான் எப்படிப் புரண்டோம், எவ்வளவு நேரம் அசைவற்றுக் கிடந்தோம், முகம் எப்படி இருந்தது என்பதைத் தாளில் பார்த்த பிறகே மற்றவர்களிடம் போய்க் கேட்டார். தூங்கும் உடலைப் படமாக்க விரும்பும் எவருக்கும் அந்த வரிசைமுறையைச் சொல்வேன். முதல் இரவு உங்கள் கட்டிலில், உங்கள் மேல் கேமராவை மாட்டுங்கள். காலையில் அந்தப் படங்களை ஒரு தாளில் அடுக்கி, தனியாக உட்கார்ந்து, வரி வரியாகப் படியுங்கள். அடுத்தவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது அதன் பிறகு தெரியும்.